கத்தியைப் பார்த்து அல்ல, உறையைப் பார்த்து வாங்குங்கள்!

போன வாரம் ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தார். அப்பா பேங்க் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு ஏக்கரில் சின்னதாகத் தென்னந்தோப்பு வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறார்.

‘சொட்டுநீர்க் குழாயை அறுக்கணும், உரமூட்டையைப் பிரிக்கணும், சணல் கயிறு வெட்டணும்னு சொல்லி, சமையலறைக் கத்தியை நியூஸ் பேப்பரில் சுற்றி இடுப்பில் செருகிக்கிட்டுப் போறார் சார். அம்மாவுக்குக் கத்தி காணாமப் போகுதேன்னு கோபம். எனக்கு அவர் எங்காவது வழுக்கி விழுந்துடுவாரோன்னு பயம். பிறந்தநாளுக்கு இடுப்பு பெல்ட்டில் படுக்கை வாட்டத்தில் மாட்டிக்கிற மாதிரி ஒரு நல்ல கத்தி வாங்கித் தரலாம்னு இருக்கேன். ஆன்லைனில் பார்த்தா தலை சுத்துது. எதை வாங்கறது?’

மகளின் பயம் நியாயமானது. அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கும் மலையடிவாரத்தில் கொஞ்சம் மிளகும் காபியும் உண்டு. முதன்முதலில் நான் வாங்கிய கத்தியின் அலகு மட்டுமே ஏழு அங்குலம். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பெல்ட்டில் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். குத்தவைத்து உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தியது. ஜீப்பில் ஏறினால் உறையின் நுனி சீட்டில் முட்டிக் கத்தியே மேலே எழும்பியது. சரியென்று அதையே படுக்கை வாட்டத்தில் திருப்பி, முதுகுக்குப் பின்னால் நடு இடுப்பில் மாட்டினேன். நடக்க சுகமாக இருந்தது. இடுப்பில் கத்தி இருப்பதே மறந்துபோனது.

ஐப்பசி மழையில் ஒருநாள் வரப்பில் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். கத்தி வெட்டவில்லை. ஆனால் அந்தக் கட்டையான பிடி முதுகெலும்பின் மேலேயே அழுந்தியது. இரண்டு வாரம் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. “நல்லவேளை, எலும்புல அடிபடலை. இனிமே முதுகுத்தண்டு மேல எதையும் கட்டிக்கிட்டு நடக்காதீங்க” என்றார் டாக்டர். அதிலிருந்து எந்தக் கத்தியையும் எனக்கு அழகு பார்த்து வாங்கத் தோன்றுவதில்லை.

அந்தக் காலத்தில் முதுகில் கட்டவில்லையா?

கட்டினார்கள். நேபாளத்து கூர்க்கா வீரர்கள் குக்ரியை இடுப்பு பெல்ட்டின் பின்பக்கம், பிடி வலது கைக்கு எட்டுகிற மாதிரி கிடையாக மாட்டுவார்கள். குடகு நாட்டுக்காரர்கள் அகலமான ஒடிக்கத்தியை உறையே இல்லாமல் முதுகுப்பக்கம் ‘தொடங்’ என்ற உலோகக் கொக்கியில் செருகுவார்கள். சின்னதான பீச்சேகத்தியை இடுப்பில் கட்டிய பட்டுத்துணியில் முன்பக்கம் வைப்பார்கள். நம் பனையேறிகளும் பாளை சீவும் அருவாளை வெறுமனே இடுப்பில் செருகுவதில்லை. அதற்கென்று அருவாப்பெட்டி கட்டிக்கொண்டுதான் மரம் ஏறுகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் நாள் முழுக்க நடந்தவர்கள், ஏறியவர்கள். நாமோ ஸ்கூட்டரில் போய், நாற்காலியில் சாய்ந்து, கயிற்றுக் கட்டிலில் சரிகிறவர்கள். உட்காரும்போது உடம்பு எங்கே மடங்குகிறதோ, எங்கே சாய்கிறதோ, அந்த இடத்தில் கத்தி இருக்கக் கூடாது. இடம் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும்.

வலதுகைப் பழக்கம் உள்ளவருக்கு நான் சொல்லும் இடம், தொப்புளுக்கும் இடது இடுப்பெலும்புக்கும் நடுவே. பிடி தொப்புள் பக்கம், நுனி இடுப்பெலும்பு பக்கம். தொப்புளில் இருந்து நான்கு விரல் தள்ளியே பிடி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தும். இடதுகைக்காரர்கள் இதை அப்படியே வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு அட்டை

கத்தி வாங்குமுன் அப்பாவை அளந்துவிடுங்கள். ஒரு கெட்டி அட்டையை 20 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நான் சொன்ன இடத்தில் பெல்ட்டோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். அரை நாள் அப்படியே இருக்கட்டும். குத்தவைக்கட்டும், குனிந்து செருப்பு மாட்டட்டும், சாப்பிட உட்காரட்டும். எங்காவது குத்தினால் ஒரு செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி பார்க்கட்டும். குத்தாத நீளம் எதுவோ, அதுதான் உறையோடு சேர்த்து கத்தியின் மொத்த நீளம்.

பெரும்பாலானவர்களுக்கு இது 18, 19 செ.மீ.யில் வந்து நிற்கும். பிடிக்குப் பத்து செ.மீ. போனால் அலகுக்கு எட்டு, ஒன்பது செ.மீ.தான் மிச்சம். அதாவது மூன்று, மூன்றரை அங்குலம். “இவ்வளவு சின்னதா?” என்று அப்பா கேட்பார். மூட்டையைப் பிரிக்கவும் குழாயை அறுக்கவும் கயிறு வெட்டவும் இது தாராளம். மட்டை வெட்டவும் தேங்காய் சீவவும் அருவாள் இருக்கிறது. அந்த வேலையை இடுப்புக் கத்தியிடம் கேட்கவே கூடாது.

கத்தியில் என்ன பார்ப்பது?

மடக்குக் கத்தி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பையில் வைக்க அது வசதிதான். ஆனால் சேறும் மணலும் அதன் மூட்டில் புகும். பூட்டு சரியில்லாவிட்டால் வேலை நடுவே விரல் மேலேயே மடங்கும். மடங்காத கத்தியில் மூட்டே கிடையாது. தண்ணீரில் அலசித் துடைத்தால் முடிந்தது.

அலகின் கனம் இரண்டரை முதல் மூன்று மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் எடைதான் ஏறும். உறையோடு சேர்த்து 150 கிராமுக்குள் இருக்கட்டும்.  அதைவிடக் கூடினால் பெல்ட் தொய்ந்து, கத்தி கீழ்நோக்கிச் சாயும்.

பிடி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஈரக்கை வழுக்கி அலகுக்குப் போகாதபடி, பிடியின் முன்பக்கம் விரலைத் தடுக்க ஒரு சின்ன மேடு அவசியம். அதற்காக இருபக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு இருப்பது வேண்டாம். சட்டையிலும் மாட்டும், வயிற்றிலும் குத்தும்.

வியர்வையும் உரமும் படுகிற இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகே நல்லது. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும். ஆனால் ஒருநாள் துடைக்க மறந்தாலும் செம்புள்ளி விழும். மறதி வருகிற வயதில் அந்தக் கவலை எதற்கு?

உயிரே உறையில்தான்

செங்குத்தாகத் தொங்கும் கத்தியைப் பூமியின் ஈர்ப்பு விசையே உறைக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். படுக்கை வாட்டத்தில் அந்த உதவி கிடையாது. கத்தி வெளியே வராமல் இருப்பது முழுக்க முழுக்க உறையின் பொறுப்பு. அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன், உறையைப் பார்த்து வாங்குங்கள் என்று.

கத்தி வந்ததும் முதல் வேலை, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம். கத்தி இம்மி நகர்ந்தாலும் அந்த உறை நமக்கு உதவாது. தோல் உறை என்றால் பிடியைச் சுற்றி அழுத்துப் பொத்தான் வைத்த வார் ஒன்று இருக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் உறை என்றால், கத்தி உள்ளே போகும்போது ‘டக்’கென்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எது? தோல் உறை உடம்புக்கு இதமானது, சத்தம் போடாது. ஆனால் மழையில் ஊறும், வியர்வையைக் குடிக்கும், ஈரத்தை அலகின் மேலேயே வைத்திருக்கும். ராத்திரி கத்தியை வெளியே எடுத்து உலரவிடாவிட்டால் துரு நிச்சயம். பிளாஸ்டிக் உறையைக் கழுவி உதறினால் தீர்ந்தது. அதன் விளிம்பு கூராக இருந்தால் மட்டும் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். தோப்புக்குப் போகிறவருக்கு என் ஓட்டு பிளாஸ்டிக் உறைக்கே.

உறையின் பின்னால் பெல்ட் நுழைய ஒரே ஒரு வளையம் இருந்தால் அது ராட்டினம் மாதிரிச் சுற்றும். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வளையங்கள் இருந்தால்தான் கத்தி படுத்த இடத்திலேயே கிடக்கும். அப்பா எந்த பெல்ட் போடுகிறார் என்றும் பார்த்துவிடுங்கள். இந்த வளையங்கள் பெரும்பாலும் ஒன்றரை அங்குல பெல்ட்டுக்கு ஏற்றவை. வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட் அவற்றில் நுழையாது. ஆபீஸ் பேன்ட்டுக்குப் போடுகிற மெல்லிய பெல்ட் எடை தாங்காமல் மடங்கும்.

எடுப்பதும் வைப்பதும்

உருவும்போது இடது கை உறையின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கட்டும், உறையின் வாய்ப்பக்கம் விரல் போகக் கூடாது. நேராகப் பக்கவாட்டில் இழுத்து, நுனி முழுதாக வெளியே வந்தபிறகே முன்னால் கொண்டுவர வேண்டும். திரும்ப வைக்கும்போது உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். எனக்கு விரலில் இரண்டு முறை வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு முறையும் யாரோடோ பேசிக்கொண்டே கத்தியை உள்ளே தள்ளியபோதுதான்.

இன்னொன்று, கத்தி தோப்பைவிட்டு வெளியே வர வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த 2016-ம் வருட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் வாங்குவது அந்த அளவில் பாதிகூட இல்லை. அதற்காக பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் இடுப்பில் கத்தியோடு நின்றால் போலீஸ்காரர் கேட்காமல் போவாரா? விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை. ஸ்கூட்டரில் போகும்போதும் இடுப்பில் வேண்டாம். உறையோடு சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, தோப்பில் இறங்கி மாட்டிக்கொள்ளட்டும். வண்டி சறுக்கினாலும் வயிற்றருகே கத்தி இருக்காது. வீட்டுக்கு வந்தால் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் போகட்டும்.

கடைசியாக அந்த வாசகி ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். ‘கத்தியைக் கையில் கொடுத்தா சண்டை வரும்னு பாட்டி சொல்லுவாங்களே சார், அப்பாவுக்குப் போய் கத்தியைப் பரிசா கொடுக்கலாமா?’

எங்கள் வீட்டிலும் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு அம்மா சொன்னார், “சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்லடா. கை மாத்தறப்போ யார் விரலும் அறுபடக் கூடாதுன்னுதான்.”

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. உறையில் போட்டு, வாரையும் மாட்டிக் கொடுங்கள். அப்படியே அந்தச் சமையலறைக் கத்தியைக் கேட்டு வாங்கி, உங்கள் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே நடக்கிற சண்டையும் தீர்ந்துவிடும்!