10 விநாடிப் பாஸ்வேர்டு

போன மாதம் பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக் கணக்கைத் திறக்கப் போனேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி போட்டேன், தவறு. மூன்றாவது முறை கணக்கையே பூட்டிவிட்டது. மறுநாள் கிளையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று திறக்க வைத்தேன்.

வங்கி மேல் குற்றமில்லை. என் கணினியில் நடந்த கூத்து அது. அதை ஒட்டி எனக்கும் மகனுக்கும் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது க்யூப்ஸ் ஓஎஸ். போலந்துக்காரரான யோவான்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கியது. 2012இல் முதல் பதிப்பு வந்தது. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒரே வீட்டில் அறை அறையாகத் தடுத்த மாதிரி. பாஸ்வேர்டுகள் எல்லாம் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளில், இணையமே இல்லாத ஓர் அறையில் இருக்கின்றன. வங்கிக்குத் தனி அறை. மின்னஞ்சலில் வருகிற கண்ட கண்ட இணைப்புகளைத் திறக்க வேறோர் அறை. (உடனே நிறுவக் கிளம்பிவிடாதீர்கள். 16 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதியாக ஓடும்.)

ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு பாஸ்வேர்டைக் கொண்டுபோக நான்கு படி. முதலில் வழக்கமான காப்பி. பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பொதுக் கிளிப்போர்டுக்கு வரும். வங்கி அறைக்குப் போய் கண்ட்ரோல், ஷிப்ட், வி. அதோடு பொதுக் கிளிப்போர்டு காலியாகிவிடும். கடைசியாக வழக்கமான பேஸ்ட்.

கீபாஸ்எக்ஸ்சி தான் காப்பி செய்து கொடுத்ததை 10 விநாடியில் அழித்துவிடும். என் விரல்களோ சாவகாசமானவை. இரண்டாம் படிக்கு நான் வருவதற்குள் அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைக் கொண்டுபோனால் வங்கி அறையில் எதுவும் மாறாது. ஏற்கெனவே அங்கே கிடந்ததுதான் பேஸ்ட் ஆகும். கிடந்தது என்ன? இரண்டு நிமிடம் முன்பு கொண்டுவந்த என் யூசர்நேம். பாஸ்வேர்டுக் கட்டத்தில் புள்ளி புள்ளியாகத்தானே தெரியும்? மூன்று முறையும் என் பெயரையே கொடுத்திருக்கிறேன்!

மகனிடம் சொன்னேன். "அந்த டைமரை 30 விநாடி ஆக்குங்கப்பா" என்றான். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்தால் அவன் சொன்னது சரிதான். இணையமில்லாத அறையில் பாஸ்வேர்டு இன்னும் 20 விநாடி கிடந்தால் எதுவும் கெட்டுப்போகாது. மாற்றிவிட்டேன்.

ஆனால் அடுத்து ஒன்று சொன்னான்: "எதுக்கு இந்த அவஸ்தை? வங்கி அறை பிரவுசரிலேயே சேமிச்சு வச்சுடுங்க." இதற்குத்தான் நான் இசையவில்லை. பிரவுசர் வெளியுலகத்தோடு பேசுகிற இடம். வாசல் திண்ணையில் பீரோவை வைப்பார்களா? அறைக்கு அறை நானே கையால் எடுத்துப்போக வேண்டியிருப்பதால்தான் எந்த நிரலும் எனக்குத் தெரியாமல் எடுக்க முடிவதில்லை. அந்த நான்கு படியை யாராவது ஒரு படியாகச் சுருக்கிக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

எனக்குள்ள குறையே வேறு. கீபாஸ்எக்ஸ்சியின் டைமர் தன் அறையை மட்டும்தான் துடைக்கும். வங்கி அறையில் போய் விழுந்த நகல் அங்கேயே கிடக்கிறது. 10 விநாடியில் அழிந்துவிட்டது என்று வெகுநாள் ஏமாந்திருந்தேன். இப்போது வங்கிக்கு, மூடியதும் மொத்தமாக அழிந்துபோகும் தற்காலிக அறையைத்தான் திறக்கிறேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். விண்டோஸ் விசையோடு வி அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு வரலாறு இயக்கத்தில் இருந்தால் கடைசியாகக் காப்பி செய்த 25 சங்கதிகள் வரை வரிசையாக நிற்கும். நோட்பேடில் பாஸ்வேர்டு எழுதி வைத்துக் காப்பி செய்கிறவர் என்றால் அதுவும் அங்கே இருக்கும்.

இன்னொரு வழியும் பிடிபட்டது. பொதுக் கிளிப்போர்டுக்கு ஏதாவது வந்தால் எத்தனை பைட் வந்தது என்று திரை மூலையில் அறிவிப்பு வரும். என் பாஸ்வேர்டு 20 எழுத்து, எல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணும். நேற்று மூலையைப் பார்த்தேன்: 20. அதன் பிறகே வங்கி அறைக்குப் போனேன். பென்ஷன் வந்திருந்தது.