முன்னோடிகளின் காகிதங்களுக்குப் பூட்டா?

அமெரிக்காவின் அயோவா மாநில அரசு 2025 கோடையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அயோவா சிட்டியில் இயங்கும் மாநில வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வு மையம் 2026 ஜூன் முடிவதற்குள் மூடப்படும் என்றது அது. அங்குள்ள ஆவணங்களில் ஒரு பகுதி தலைநகர் டெ மொய்னுக்குப் போகும். மற்றவை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படலாம் என்றும் சொன்னது. காரணம் செலவு. 1857-இல் அந்த ஊரில் தொடங்கிய சங்கம் அது. மாநிலத்தில் குடியேறியவர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், பழைய நாளிதழ்கள் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றைக் காத்துவந்த இடம். கொடுத்தவர்களைக் கேட்காமல், வரலாற்றாசிரியர்களைக் கலந்துகொள்ளாமல் எடுக்கப்பட்ட முடிவு இது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்த முடிவால் பாதிக்கப்படுவோர் பல இனத்தவர். அவர்களில் நார்வேயிலிருந்து வந்தவர்களை முன்வைத்துப் பேசுகிறோம். அறிவிப்பு வந்த ஆண்டு, அவர்கள் அமெரிக்காவுக்கு வரத் தொடங்கியதன் இருநூறாம் ஆண்டு என்பதே அதற்குக் காரணம்.

1825 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவ்ராஷியோன்’ என்ற சிறு பாய்மரக் கப்பல் கிளம்பியது. ஏறியவர்கள் 52 பேர். அக்டோபர் 9-இல் நியூயார்க்கை அடைந்தபோது 53 பேர், வழியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. கப்பலின் அளவுக்கு ஆட்கள் அதிகம் என்று அதிகாரிகள் கப்பலையே பறிமுதல் செய்தார்கள், அபராதம் போட்டார்கள். குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் கையெழுத்திட்டு மன்னித்தார். இவ்வளவும் இன்று நமக்குத் தெரிவது, யாரோ சில காகிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான். அந்த 53 பேருக்குப் பின்னால் அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

1925-இல் நூற்றாண்டு விழா மினசோட்டாவில் நடந்தது. குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வந்து பேசினார். அஞ்சல் தலை வெளியிட்டார்கள். விழாவோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நார்வீஜிய அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாவலாசிரியர் ஓலே ரோல்வாக் அதன் முதல் செயலாளர். நார்த்ஃபீல்டில் உள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் இடம் பிடித்து, பண்ணை வீடுகளின் பரண்களில் கிடந்த கடிதங்களைத் தேடிச் சேர்த்தார்கள். நூறாவது ஆண்டில் ஓர் ஆவணக் காப்பகம் பிறந்தது. இருநூறாவது ஆண்டில், அதே நார்வீஜியர்கள் திரளாகக் குடியேறிய பக்கத்து மாநிலத்தில், ஒரு காப்பகத்தை மூட நாள் குறித்தார்கள். மூலக் கப்பலைப் போலவே செய்த கப்பல் 2025 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கரிலிருந்து கிளம்பி அக்டோபர் 9-இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. அரச குடும்பமே நின்று வழியனுப்பியது. மகிழ்ச்சி. ஆனால் கொண்டாடுவதற்குக் கப்பல், கழிப்பதற்குக் காகிதம் என்றால் அது எந்த வகை மரியாதை?

இப்படிப்பட்ட காகிதங்களில் என்ன இருக்கும் என்று மூடச் சொன்னவர்கள் ஒருமுறையாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும். க்ரோ ஸ்வென்சன் என்ற பெண் ஹாலிங்தால் பள்ளத்தாக்கிலிருந்து கணவரோடு 1862-இல் கிளம்பினார். அடுத்த ஆண்டு அயோவாவின் எம்மெட் கவுண்டியில் புல்வெளி நிலத்தில் குடியேறினார்கள். கணவர் உள்நாட்டுப் போருக்குப் போக, கைக்குழந்தைகளோடு அவர் தனியே நின்றார். கோடை வெயிலில் பால் கெட்டுவிடுகிறது, வெண்ணெய் எடுக்க முடியவில்லை என்பதையும், பாம்புகளையும், இடியையும், புல்வெளியில் பற்றும் தீயையும் ஊரில் இருந்த பெற்றோருக்கு எழுதினார். 1870-களில் வெட்டுக்கிளிகள் வந்து பயிரைத் தின்று தீர்த்ததையும் எழுதினார். பத்துப் பிள்ளைகள் பெற்றார். 1878-இல், பத்தாவது பிரசவத்தில் இறந்தார். அவர் தலைவர் அல்லர். சட்டமன்றத்தில் பேசியவர் அல்லர். அவருக்குச் சிலை கிடையாது. ஊரில் இருந்த குடும்பம் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததாலும், 1950-இல் அவை ஆங்கிலத்தில் நூலாக வந்ததாலும்தான் அப்படி ஒருத்தி வாழ்ந்தாள் என்பதே வெளியுலகுக்குத் தெரியும். அயோவா புல்வெளி விளைநிலமானது எப்படி என்று கேட்டால், ஆளுநர்களின் உரைகளைவிட அந்தப் பெண்ணின் கடிதங்கள் அதிகம் சொல்லும்.

பாதிரியார் மனைவி எலிசபெத் கோரனின் நாட்குறிப்பும் அப்படித்தான். 1853 டிசம்பரில் அயோவாவின் டெகோரா அருகே வந்து இறங்கிய அவரும் கணவரும், 14 அடிக்கு 16 அடி மரக்கட்டை வீடு ஒன்றில், இரண்டு குழந்தைகள் உள்ள வேறொரு குடும்பத்தோடு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். நடுவே ஒரு திரைச்சீலை. அந்த வீடு இன்று டெகோராவின் வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நாட்குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் மரக்கட்டைகள்தான்.

இந்தத் தனிமனிதக் காகிதங்களுக்கு மாற்றாக அரசு ஆவணங்கள் இருக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. 1880-களில் நார்வேயிலிருந்து மிகப் பெரிய அலைகளில் ஒன்று வந்தது. அந்த அலையைப் பதிவு செய்திருக்க வேண்டிய 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் நடந்த தீ விபத்தில் பாழானது. நனைந்தும் கருகியும் எஞ்சியவற்றில் பெரும்பகுதியை, நாடாளுமன்ற அனுமதியோடு, 1930-களில் அரசே அழித்தது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே தேசியக் கணக்கெடுப்பில் இருபது ஆண்டுகள் வெற்றிடம். அதை நிரப்ப உதவுபவை தேவாலயப் பதிவேடும், நிலப் பத்திரமும், ஒரு விவசாயியின் கணக்கு நோட்டும், அம்மாவுக்கு எழுதிய கடிதமும். ஒருமுறை அரசின் அலட்சியத்தால் இழந்தது போதாதா?

‘இடம்தானே மாறுகிறது, எல்லாம் பத்திரமாகத்தானே இருக்கும்’ என்ற சமாதானம் ஏற்கத்தக்கதன்று. ஒரு குடும்பத்தின் காகிதக் கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையே ஒரு சான்று. தேதி இல்லாத கடிதத்துக்கு, அதோடு சேர்த்து மடித்து வைத்த விதைக் கடை ரசீது தேதி கொடுக்கும். நார்வீஜியக் குடியேறிகளின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. தகப்பன் பெயரோடு கப்பல் ஏறியவர், ஊர்ப் பண்ணையின் பெயரில் தேவாலயப் பதிவேட்டில் இருப்பார். நிலப் பத்திரத்தில் ஆங்கில எழுத்துக்கு வளைத்த மூன்றாவது பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவ, மூன்று காகிதங்களும் ஒரே மேசையில் வர வேண்டும். பாதி டெ மொய்னில், பாதி வேறெங்கோ, மீதி யார் கையில் என்றே தெரியாது என்றால், கட்டு சிதறும்போதே சான்றும் போய்விடும். அதோடு, எந்தப் பெட்டியில் எது என்று அறிந்த காப்பாளர்களின் அனுபவத்தையும் லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது.

‘ஸ்கேன் செய்துவிடலாம்’ என்பது அடுத்த சமாதானம். செய்யட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோத்திக் கையெழுத்தில், வட்டார நார்வீஜியத்தில் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். பணத்தைப் பார்த்தால், 2025 ஏப்ரலில் மத்திய அரசின் தேசிய மனிதவியல் நிதியகம் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது. ஓர் அரசு நிதியை வெட்ட, இன்னோர் அரசு இணையத்தைக் காட்டுவது நேர்மையான பதில் ஆகாது.

அயோவா அரசுக்கு இந்த மக்களிடம் ஒரு பழைய கடனும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1918 மே 23 அன்று, ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஒரு பிரகடனம் செய்தார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், தேவாலயப் பிரசங்கத்தில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம். எதிரி நாடு ஜெர்மனிதான். ஆனால் நார்வீஜியரும் டேனியரும் சேர்ந்தே அடிபட்டார்கள். போர் முடிந்து டிசம்பரில் பிரகடனத்தை விலக்கிக்கொண்டாலும், வீட்டு மொழியைப் பேசுவதே குற்றமோ என்ற அச்சம் அதோடு விலகவில்லை. பேரப் பிள்ளைகள் தாத்தா எழுதியதைப் படிக்க முடியாதவர்களாக வளர்ந்தார்கள். படிக்க முடியாத கடிதங்களை எரிக்க மனமில்லாமல் பொது நிறுவனங்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். பேச்சை அன்று தடுத்த அரசு, எழுத்தை இன்று கலைக்கலாமா?

இவை நார்வேக்காரர்களின் பெருமைக்கு மட்டும் உரிய ஆவணங்கள் என்று எண்ணுவதும் பிழை. டெகோரா என்ற ஊர்ப் பெயரே ஹோ-சங்க் என்ற பூர்வகுடி இனத் தலைவர் ஒருவருடையது. அந்த மக்களை 1848-இல் வடகிழக்கு அயோவாவிலிருந்து வெளியேற்றிய பிறகுதான் நார்வீஜியர்கள் அங்கே ஏர் பூட்டினார்கள். 1862-இல் மினசோட்டாவில் டக்கோட்டா பூர்வகுடிகளோடு நடந்த போரில் கணவனையும் ஒரு மகனையும் இழந்த குரி எண்ட்ரெசன் என்ற நார்வீஜியப் பெண்ணால், நான்கு ஆண்டுகள் கழித்தே ஊருக்குக் கடிதம் எழுத முடிந்தது. அதே 1862 டிசம்பர் 26-இல் மான்கேட்டோவில் 38 டக்கோட்டா ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, என்ன விலைக்கு, யார் கண்ணெதிரே என்பதற்குக் குடியேறிகளின் காகிதங்களும் சாட்சி. நிலம் இழந்தவர்களின் வாரிசுகளுக்கும் அந்தச் சாட்சியைக் கேட்கும் உரிமை உண்டு. கதவை மூடினால் இரு தரப்புக்கும் அநீதி.

நார்வே என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் தேவாலயப் பதிவேடுகளையும் குடிபெயர்ந்தோர் பட்டியல்களையும் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த கடிதங்களைத் தேடித் தொகுத்துப் பல தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அது உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே. ஊரிலிருந்து போன பதில்கள் அயோவாவிலும் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும்தான் இருக்கின்றன. ஊரைவிட்டுப் போனவர்களின் சொல்லை ஏழைப் பண்ணை வீடுகள் காத்தன. போய்ச் சேர்ந்த செல்வ நாடு அதைச் சுமை என்கிறது.

வரலாற்றாசிரியர்கள் இந்த மூடலை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறார்கள். தீர்ப்பு எதுவானாலும், சட்டப்படி செய்ய முடியும் என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது. அயோவா அரசு மூடல் அறிவிப்பை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும். ஒரு பெட்டியை நகர்த்துவதற்கு முன்பும் அதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே நகர்த்தியிருந்தால் எது எங்கே போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். கொடுத்த குடும்பங்களின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு தாளையும் கழிக்கக் கூடாது. ஹோ-சங்க், டக்கோட்டா மக்களின் பிரதிநிதிகளையும் கலந்து பேச வேண்டும். கோத்திக் கையெழுத்து படிப்போருக்கும் காப்பாளர்களுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். இருநூறாம் ஆண்டு விழா மேடைகளில் முன்னோடிகளைப் புகழ்ந்து பேசிய ஒவ்வோர் அரசியல்வாதியும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்திடக் கடமைப்பட்டவர். அயோவா ஆளுநர் உடனே இந்த முடிவை ரத்து செய்ய வேண்டும்.