கல்லாவைத் திறந்து வைத்த கடை

வியாபாரியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாத வரவு எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது என்பது நம் கடைத்தெருவில் எழுதப்படாத விதி. சொந்த மைத்துனர் கேட்டாலும் "ஏதோ ஓடுது" என்றுதான் பதில் வரும். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வரவு அதிகம் என்று தெரிந்தால் எதிர்க்கடைக்காரர் அதே சரக்கை இறக்குவார். கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்துவார். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் தொகையை அவர்களே எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். வரவு குறைவு என்று தெரிந்தாலோ, மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு அனுப்ப யோசிப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதே லாபம்.

இந்த விதிக்கு நேர் எதிராக, பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் வருமானத்தை ஊரறிய எழுதிப் போட்டுக்கொண்டே ஒரு நிறுவனம் தொழில் நடத்தி வருகிறது. அதன் பெயர் கோஸ்ட். ஆங்கிலத்தில் பேய் என்று பொருள்; தொழிலுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்கலாம், ஆனால் கடை நன்றாகவே நடக்கிறது. அதைப் பற்றி நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இணையத்தின் வழியே விற்கப் புறப்பட்டிருக்கும் நம்மவர்கள் இன்று யாரிடம் கமிஷன் கொடுத்துக் கைகட்டி நிற்கிறார்களோ, அந்த நிறுவனங்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்தக் கடை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

கோஸ்ட் என்ன விற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவர் சொந்தமாகப் பத்திரிகை நடத்த வேண்டுமானால் அச்சகம் வேண்டும், சந்தா வசூலிக்க ஆள் வேண்டும், பிரதியைத் தபாலில் சேர்க்க வேண்டும். இந்த மூன்றையும் இணையத்தில் செய்து தரும் மென்பொருள்தான் கோஸ்ட். எழுதுகிறவர் தன் பக்கத்தில் கட்டுரையை வெளியிடலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், வாசகரிடம் மாதச் சந்தா வாங்கலாம்.

தொடங்கியவர்கள் ஜான் ஓநோலன், ஹன்னா வுல்ஃப் என்ற இருவர். ஓநோலன் அதற்கு முன் வேர்ட்பிரஸ் என்ற பிரபலமான மென்பொருளின் தோற்ற வடிவமைப்புக் குழுவில் இருந்தவர். 2012 நவம்பரில் தம் யோசனையை எழுதி வெளியிட்டார். 2013 ஏப்ரல் இறுதியில், கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய வசூல் தளத்தில், 25,000 பவுண்டு தேவை என்று பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஒரு நாள் முடிவதற்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் 5,236 பேர் கொடுத்தது 1,96,362 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். கொடுத்தவர்கள் யாரும் பங்குதாரர் ஆகவில்லை. சரக்கு வருமுன்னே விலையைக் கொடுத்த வாடிக்கையாளர்கள் என்றுதான் அவர்களைச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் மென்பொருள் எல்லோருக்கும் வெளியானது.

அப்படியானால் முதலாளி யார்? வியாபாரியின் முதல் கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் விசித்திரமானது: முதலாளி என்று யாரும் இல்லை. லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் இது. இப்போது சிங்கப்பூரில் பதிவாகியிருக்கிறது. பங்கு மூலதனம் கிடையாது. டிவிடெண்ட் கிடையாது. விற்றுப் பணமாக்கிக்கொண்டு போகவும் முடியாது. மீதமாகும் பணம் மீண்டும் நிறுவனத்துக்குள்ளேயே போக வேண்டும். 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான ஒரு சங்கம் மிச்சத் தொகையை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாதல்லவா, ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் சங்கம் போலச் சந்தாவையும் நன்கொடையையும் நம்பி இராமல், முழுக்க முழுக்க வியாபாரம் செய்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, சொந்தக் காலில் நிற்கிறது.

இதைவிட வியப்பான இன்னொன்று. மென்பொருளை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து, சொந்தக் கணிப்பொறியில் நிறுவிக்கொண்டு, ஒரு காசு கொடுக்காமல் பத்திரிகை நடத்தலாம். அதையே வைத்துப் போட்டிக் கடை போடுவதற்கும் உரிமத்தில் தடை இல்லை. போட்டிருக்கிறார்கள்.

பிறகு பணம் எங்கிருந்து வருகிறது? இலவசமாகக் கிடைத்தாலும் கணிப்பொறியை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. அந்த வேலையை மாத வாடகைக்குச் செய்து தருகிறார்கள். தானே சமைக்கத் தெரிந்தவர்களும் ஓட்டலுக்கு வருகிறார்களே, அதுபோல. 2018இல் ஐந்தாண்டுக் கணக்கைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது மொத்த வரவு ஏறக்குறைய 30 லட்சம் டாலர் என்றார்கள். இன்று ஒரே ஆண்டில் அதைவிட அதிகம் வருகிறது. இதையெல்லாம் நாம் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

சமையல் குறிப்பையே ஊருக்குக் கொடுத்துவிட்டவர் கல்லாவை மறைத்து என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். நம் எதிர்க்கடைக்காரர் அச்சமும் வாடகை அச்சமும் அவர்களுக்கு இல்லை. ஆளுக்கொரு நாட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், தலைமை அலுவலகம் என்ற கட்டடமே கிடையாது. ஆகவே அவர்களைப் பார்த்து, நம் உறுப்பினர்களும் கடை வாசலில் கரும்பலகை வைத்து அன்றாட வரவை எழுத வேண்டும் என்று நாம் சொல்லப் போவதில்லை. வரவை மட்டும் காட்டுவது முழு ஐந்தொகையைக் காட்டுவதாகாது என்பதும் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். பற்றுப் பக்கத்தையும் பார்த்தால்தான் கடையின் உடல்நிலை தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசகனின் பெயர், முகவரி, பணம் எல்லாவற்றையும் நம்பி ஒப்படைக்கும் இடம் அடுத்த ஆண்டு இருக்குமா, வேறு யாருக்காவது விற்கப்பட்டுவிடுமா என்பதுதான் பத்திரிகை நடத்துகிறவரின் கவலை. இணையத் தொழிலில் நேற்று இருந்தது இன்று இருப்பதில்லை. வரவைப் பார்த்தால் கடை தள்ளாடுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அமைப்பு விதிகளைப் பார்த்தால் விற்க முடியாது என்று தெரிந்துகொள்ளலாம். நாணயம் என்பதைச் சொல்லில் காட்டாமல் சட்டத்தில் எழுதிக் கையைக் கட்டிக்கொண்டார்கள். நமக்குப் பிடித்தது அதுதான்.

சுதந்திரம் பற்றியும் அவர்கள் பேச்சோடு நிற்கவில்லை. 2015 ஜனவரியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், அரசாங்கம் படிக்க முடியாத தகவல் தொடர்பு என்று ஒன்று இருக்க விடலாமா என்று பேசினார். மே மாதத் தேர்தலில் அவர் கட்சியே பெரும்பான்மை பெற்றது. உடனே கோஸ்ட், தன் வாடிக்கையாளர் விவரங்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பிரிட்டனிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. அங்கே பத்திரிகைச் சுதந்திரமும் தனிமனித விவரங்களுக்குப் பாதுகாப்பும் அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பயந்தது வீண் அல்ல. கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கும் சட்டம் 2016 நவம்பரில் அங்கே நிறைவேறியது. ஒருவர் சரக்கை நம் கிடங்கில் வைத்திருக்கும்போது, கிடங்கின் சாவிக்கு இன்னொருவரும் உரிமை கோரினால், பொறுப்புள்ள கிடங்குக்காரர் வேறு ஊர் பார்ப்பதுதான் முறை.

இனி நம் கைக்கு எட்டும் விஷயத்துக்கு வருவோம். அது கமிஷன்.

கோஸ்ட் செய்யும் அதே வேலையைச் செய்யும் சப்ஸ்டாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2017இல் தொடங்கியது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் சந்தாப் பணத்தில் 100க்கு 10 எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு ஆயிரம் வாசகர், ஆளுக்கு மாதம் 5 டாலர் என்றால் வரவு 5,000 டாலர். அதில் மாதம் 500, ஆண்டுக்கு 6,000 டாலர் சப்ஸ்டாக்குக்குப் போகும். பணம் கைமாற்றும் நிறுவனத்தின் கட்டணம் தனி. வாசகர் பத்தாயிரம் ஆனால் கமிஷனும் பத்து மடங்கு ஆகும். கோஸ்ட்டில் கமிஷன் கிடையாது, வாடகை மட்டும். சந்தாதாரர் எண்ணிக்கை கூடினால் வாடகையும் ஒரு படி ஏறும். ஆனால் வியாபாரத்தில் பங்கு கேட்பதில்லை. ஆரம்பத்தில் கமிஷன் இனிக்கும், கடை வளர்ந்த பின் வாடகைதான் இனிக்கும் என்பதை மண்டியில் நின்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் கேசி நியூட்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நடத்தும் பிளாட்ஃபார்மர் என்ற இதழ் சப்ஸ்டாக்கை விட்டு கோஸ்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. காரணம் கமிஷன் அல்ல. நாஜி ஆதரவு எழுத்துகளைச் சப்ஸ்டாக் நடத்திய விதம் பிடிக்காமல் கிளம்பினார்கள். நாம் இங்கே பார்க்க வேண்டியது, கிளம்பும்போது சந்தாதாரர் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு போக முடிந்தது என்பதை. இதில் சப்ஸ்டாக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும்: பட்டியலை எடுத்துப் போக அவர்களும் அனுமதிக்கிறார்கள். வைஸ் நிறுவனத்தின் மதர்போர்ட் இதழில் இருந்த நால்வர் 2023இல் 404 மீடியா என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியதும் கோஸ்ட்டின் மேல்தான்.

எல்லாம் சரிதானா? இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம் என்றால், நல்லவர் மட்டும் எடுப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது? தன் வாடகைக் கட்டடத்தில் ஒருவரை வேண்டாம் என்று கோஸ்ட் சொல்லலாம். அவர் மென்பொருளை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் கடை போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கத்தி விற்கிறவரின் நிலை அது. மூலநிரல் இலவசம் என்பதாலேயே எல்லாம் சுதந்திரம் ஆகிவிடுவதும் இல்லை. வேர்ட்பிரஸ்ஸும் இலவச மென்பொருள்தான். 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் அதை வைத்துத் தொழில் செய்யும் டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்துக்கும் வணிகச் சின்னத் தகராறு முற்றியது. வருமானத்தில் 100க்கு 8 கேட்கப்பட்டது. கிடைக்காதபோது, புதுப்பித்தல்களைப் பெறும் பொது வாயிலே அந்த நிறுவனத்துக்கு அடைக்கப்பட்டது. டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் வாயில் திறந்தது. சரக்கு பொதுவாக இருந்து, சந்தையின் கேட் சாவி ஒருவர் இடுப்பில் இருந்தால் இதுதான் நடக்கும். கோஸ்ட்டிலும் நிர்வாகம் சிலர் கையில்தான் இருக்கிறது. நல்ல விதிகளும் அவற்றைக் காப்பவர்கள் இருக்கும்வரைதான் என்பதை நாம் மறக்கவில்லை.

இருந்தாலும் நம் நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் விற்கும் நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தங்களிடம் சென்ற மாதம் வாங்கியவர் யார் என்று தெரியும்? பணம் வருகிறது, கமிஷன் கழிகிறது. வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கின்றன. நாளைக்கு அந்த நிறுவனத்தை விட்டு விலகினால் பத்தாண்டு வாடிக்கை ஒரே நாளில் போகும். உணவு விநியோக நிறுவனங்களுக்கு எதிராக இந்திய தேசிய உணவக சங்கம் 2021இல் போட்டி ஆணையத்திடம் கொடுத்த புகாரில் இதுவும் ஒன்று: வாடிக்கையாளர் விவரம் உணவகத்துக்கு மறைக்கப்படுகிறது என்பது. புகாரின் சில அம்சங்களில் விசாரணை நடத்த ஆணையம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், டெல்லி வியாபாரிகள் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் நிறுவனங்களின் மீது விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருந்தது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னிடம் கொடுக்கப்படுகிறது என்பது அதில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

விலகும்போது வாடிக்கையாளர் பட்டியலைத் தருவீர்களா, யார் கடை மேலே தெரிய வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள், கழிக்கும் பணத்தில் எது எதற்கு என்று காட்டுவீர்களா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இதெல்லாம் தொழில் ரகசியம் என்று சொல்வார்கள். வரவையும் மூலநிரலையும் வெளியே வைத்துவிட்டு ஒரு நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் பிழைத்திருக்கும்போது, இந்த மூன்றை மட்டும் காட்ட முடியாது என்ற பேச்சை நாம் ஏற்க வேண்டியதில்லை.

அடுத்தவரைக் கேட்பதற்கு முன் சங்கத்தின் பங்கும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் படித்து, கைதட்டலோடு நிறைவேறும் வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். டீச் செலவு உட்பட.

இணைய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துள்ள உறுப்பினர்கள், அதில் வாடிக்கையாளர் விவரம், கமிஷன் கழிவு, விலகும் முறை ஆகியவை பற்றிய பக்கங்களின் நகலைச் சங்க அலுவலகத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். கடைப் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். பத்து இருபது ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு கழிகிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்ததை இந்தப் பக்கங்களிலேயே வெளியிடுவோம்.