ஓட்டமா, சைக்கிளா?

எதையும் இரண்டு கட்சியாகப் பிரித்து வாதிட்டுத் தீர்ப்புச் சொல்வது நம் மதுரைக்குப் பழக்கமான பட்டிமன்ற மரபு. நான் எடுத்துக்கொண்ட தலைப்பும் அத்தகையதே. நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வலுவூட்டச் சிறந்தது ஓட்டமா, சைக்கிளா?

பத்தாம் வகுப்பு மாணவிக்கு இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு கூறியது. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை. பையன்களில் எட்டாதவர் 78 பேர். நம் நிலை என்ன? காலையில் டியூஷன், மாலையில் சிறப்பு வகுப்பு. நடுவில் வரும் விளையாட்டுப் பாடவேளையையும் பல பள்ளிகளில் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்!

முதலில் ஓட்டத்தின் கட்சியைக் கேட்போம். ஓடுவதற்கு வண்டி வேண்டாம், பஞ்சர் கடையும் வேண்டாம். ஓடும்போது நம் முழு எடையையும் கால்கள் தாங்குகின்றன. அந்த அதிர்வை ஏற்று எலும்பு உறுதிப்படுகிறது. பெண்களின் எலும்பு வலிமையில் பெரும்பகுதி ஏறத்தாழ 18 வயதுக்குள் சேர்ந்துவிடுவதால், நமக்கு இது சேமிப்புக் காலம். சைக்கிளில் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு இந்தப் பயன் குறைவு.

ஓட்டத்திற்குச் சாட்சி நம் மாவட்டத்திலேயே உண்டு. சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். காலணி வாங்க வசதியின்றி வெறுங்காலுடன் ஓடத் தொடங்கியவர். முதலில் பாட்டி தயங்கினார். பயிற்சியாளர் கண்ணன் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். டோக் பெருமாட்டி கல்லூரியில் படித்த அந்தப் பேத்தி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒரு பெரியவரின் ‘சரி’ என்ற சொல் எவ்வளவு தூரம் கொண்டு சேர்த்திருக்கிறது பாருங்கள்!

இனி சைக்கிளின் கட்சி. முழங்காலுக்கு அதிர்ச்சி இல்லை. உடல் பருமனானவர்களும் அச்சமின்றித் தொடங்கலாம். இதற்கும் அருகிலேயே சாட்சி உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆயினும் தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், வேலைக்குப் போகவும் இனி எவரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிலையை அப்பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இரு கட்சியும் வலுவானவைதாம். ஆனால் நம் இதயத்திற்கு நாம் ஓடுகிறோமா, மிதிக்கிறோமா என்பது தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதே அதற்குக் கணக்கு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதிய வேகம் என்று பொருள். ஆகவே, எது சிறந்தது என்பதைவிட, எதை நாம் நாள்தோறும் விடாமல் செய்ய முடியும் என்பதே சரியான கேள்வி.

வில்லாபுரத்துத் தெருவில் ஒரு பெண் அதிகாலையில் தனியாக ஓடினால், நாய் துரத்தும். அதைவிட அதிகமாக நாலு பேர் பார்வை துரத்தும். “பொம்பளைப் பிள்ளை எதற்கு ஓடுகிறது?” என்பார்கள். சைக்கிளில் போனால் எவரும் காரணம் கேட்பதில்லை. 3 கிலோமீட்டரில் உள்ள டியூஷனுக்குப் போய்வர, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம் ஆகும். அன்றைய கடமையில் பாதி, படிப்பு நேரம் குறையாமலே முடிந்துவிடும்.

ஆதலால் என் தீர்ப்பு இதுதான்: நாள்தோறும் சைக்கிள்; எலும்பின் பொருட்டு வாரத்தில் மூன்று நாள் ஓட்டம்.

தீர்ப்பு நிறைவேறப் பெரியோரின் துணை வேண்டும். பெற்றோர்களே! அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புக்கு விலையில்லா மிதிவண்டி தரப்படுகிறது. அது பல வீடுகளில் தம்பிக்குப் போகிறது, அல்லது மாடிப்படியின் கீழ் துருப்பிடிக்கிறது. பேருந்தும் லாரியும் விரையும் விமான நிலையச் சாலையை எண்ணி நீங்கள் அஞ்சுவது நியாயமே. உள்தெருக்கள் வழியாக, இருவர் இருவராக, வெளிச்சம் இருக்கும்போது போகவாவது அனுமதியுங்கள்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! வாரத்தில் மூன்று நாள், முதல் மணிக்கு அரை மணி நேரம் முன்பாக மைதானத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். மதிலுக்குள் நாயும் இல்லை, நாலு பேர் பார்வையும் இல்லை.

தோழியரே! நமக்கும் கடமை உண்டு. துப்பட்டா சக்கரத்தில் சிக்காதபடி பின் குத்திக்கொள்ளுங்கள். மிதிகட்டை கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரத்தில் இருக்கையை வையுங்கள். ஓட்டத்தில் முதல் வாரம் சிறிது ஓடுங்கள், சிறிது நடங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

கிடைத்த அனுமதியை ஒரு வாரத்தில் கைவிட்டோமானால், அடுத்து வரும் தங்கைகளுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி