கோடைக் காற்றில் சாயும் வாழைக்குக் கணக்கு எங்கே?

மாசிக்கொடைக்குக் கொடியேறிவிட்டால் மண்டைக்காட்டு வாழை விவசாயிகளின் பார்வை வடக்கே திரும்பிவிடும். ஊர் என்னவோ கடற்கரை ஊர்தான். ஆனால் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை இங்குள்ள வாழையின் கதியைத் தீர்மானிப்பது கடல் அல்ல. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பேச்சிப்பாறைக்கு மேலே நிற்கும் மலை. காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மலையுச்சியில் மேகம் திரளும். பொழுது சாய்வதற்குள் ஒரு தோட்டத்தில் நூறு வாழை குலையோடு தரையில் கிடக்கும். சாலைக்கு மறுபுறத் தோட்டத்தில் ஓர் இலைகூட ஒடிந்திருக்காது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பகலில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, சூடேறிய நிலத்தைக் கடந்து மலைச்சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து இடிமேகமாகிறது. உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் அந்த மேகம் மலையிலேயே கரைந்துவிடாமல் கடற்கரைப் பக்கம் நகர்ந்து வருகிறது. மழை கொட்டத் தொடங்கியதும் மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கி, தரையில் மோதி, சீறிப் பாய்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். வழக்கமான கடற்காற்று தென்மேற்கிலிருந்து வரும். இந்தக் காற்றோ பெரும்பாலும் மலைப்பக்கத்திலிருந்து வரும். கடற்காற்றை மட்டும் மனத்தில் வைத்து முட்டுக் கொடுத்தவர்களின் வாழையும் சாய்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

ஏத்தன் வாழைக்கு இந்தக் காலம் மிகவும் பொல்லாதது. ஓணச் சந்தையைக் குறிவைத்து புரட்டாசி, ஐப்பசியில் கன்று வைத்தால் ஏழெட்டு மாதத்தில், அதாவது சித்திரை, வைகாசியில் குலை தள்ளும். மரத்தின் தலை கனக்கும் நேரமும் மலைக்காற்று இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. 'பருவத்தை மாற்றி நடுங்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. ஓணத்துக்குக் கிடைக்கும் விலை மற்ற மாதங்களில் கிடைக்காதபோது அந்த யோசனையை எந்த விவசாயி ஏற்பார்? தோட்டம் முழுவதையும் ஒரே வாரத்தில் நடாமல், ஒரு பகுதியை மட்டும் மட்டி, பேயன் போன்ற ரகங்களுக்கோ வேறு மாத நடவுக்கோ ஒதுக்கி வைக்கலாம். அவ்வளவுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

மண்டைக்காட்டைச் சுற்றியுள்ள மணற்பாங்கான நிலங்களில் வேருக்குப் பிடிமானம் குறைவு. எனவே மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் மண் அணைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சாம்பல் சத்து குறைந்தால் மரம் திடம் பெறாது. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டு வளர்த்த மரம் பார்வைக்குச் செழிப்பாக இருந்து காற்றுக்கு முதலில் விழும். குலை தள்ளிய மரத்துக்கு ஒரே கம்பு போதாது. இரண்டு கம்புகளைக் கத்தரிபோல் குறுக்காகக் கட்டி, குலை சாயும் பக்கம் ஊன்ற வேண்டும். கம்பு வாங்க வசதி இல்லாதவர்கள் பிளாஸ்டிக் கயிற்றால் ஒரு மரத்தின் கழுத்தை எதிர் வரிசை மரத்தின் அடியோடு இழுத்துக் கட்டலாம். இடிமழை எச்சரிக்கை உள்ள நாளில் தண்ணீர் பாய்ச்சாமல் இருப்பது நல்லது. ஊறிய மண்ணில் மரம் கிழங்கோடு பெயர்ந்துவிடும்.

எச்சரிக்கைக்கு இன்று குறைவில்லை. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். மின்னல் அருகில் வருவதை 'தாமினி' செயலி தெரிவிக்கும். ஆனால் 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்ற ஒரு வரி, பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கும் மண்டைக்காட்டு வாழைக்கும் ஒரே பொருளைத் தராது. மலையில் இடி முழங்கிய பிறகு கடற்கரைக்குக் கிடைக்கும் அவகாசம் மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குள் முட்டுக் கொடுக்க ஓடுவது வீண். தென்னை மரத்தடியில் நிற்பவர்களை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதே அப்போது செய்ய வேண்டியது.

இவ்வளவும் செய்த பிறகும் வாழை விழத்தான் செய்யும். விழுந்த வாழைக்குக் கணக்கு எங்கே என்பதுதான் கேள்வி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுவதும் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. அந்த இழப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. சித்திரைக் காற்றில் நாலு தோட்டம் விழுந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் வாழைக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். இழப்போ பிர்க்கா முழுவதன் சராசரி மகசூலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சராசரியில் நாலு தோட்டத்தின் கண்ணீர் கரைந்துபோகும். தனித் தோட்டத்தைப் பார்வையிட்டு இழப்பீடு தருவதற்கும் அதில் வழி உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பற்றும் தீ போன்றவைதான் இருக்கின்றன. சூறைக்காற்று இல்லை. குமரி வாழைக்கு ஆலங்கட்டியால் வந்த சேதம் பெரிதா, காற்றால் வந்த சேதம் பெரிதா என்று எந்த வாழை விவசாயியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசு 1995 முதல் நடத்திவரும் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் வாழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிரீமியம் கட்டலாம். விழுந்த மரங்களை எண்ணி இழப்பீடு தருகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. மலையும் ஒன்று, காற்றும் ஒன்று, சந்தையும் ஒன்று. அங்கே எண்ண முடிகிற வாழையை இங்கே எண்ண முடியாது என்பது ஏற்கத்தக்க சமாதானம் அல்ல. சூறைக்காற்றைத் தனித் தோட்ட இழப்பில் சேர்க்க வேண்டும் என்று குமரி விவசாயிகள் ஒவ்வொரு குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கு வாழை வைப்பவர்களில் பலர் பாட்டக்காரர்கள். காப்பீட்டில் சேர அடங்கல் வேண்டும். நிலத்துக்காரர் பெயரில் உள்ள நிலத்துக்கு வாய்மொழிப் பாட்டத்தை வைத்துக்கொண்டு அடங்கல் வாங்குவது சிரமம். ஐப்பசியில் கன்று வாங்கும் முன்பே பாட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, காப்பீட்டில் சேரக் கடைசி நாள் எதுவென்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குலை தள்ளிய பிறகு அலைந்து பயனில்லை.