முதுமையும் முகப் பொலிவும்

கல்லூரிப் பழைய மாணவர் ஒன்றுகூடும் நாளில் முதற்கண் நிகழ்வது முகங்களை அடையாளங் காணும் முயற்சியேயாகும். "நீதானா அவன்?" என்னும் வினா மண்டபத்தின் மூலைதோறும் எழும். ஒருகாலத்தில் உடன் விளையாடிய நண்பனுக்குக் கன்னம் ஒட்டியிருக்கும். மற்றொருவனுக்கு நெற்றி உச்சிவரை ஏறியிருக்கும். அன்னோர் வாய்விட்டுச் சிரித்த பின்னரே பழைய முகம் வெளிப்படும். அண்மையில் அத்தகைய கூட்டமொன்றில் நண்பரொருவர் எம்மை ஒருபுறம் அழைத்துச் சென்று, கன்னத்தை ஊதியும் உதட்டைக் குவித்தும் காட்டி, "இதற்கு முகயோகம் என்று பெயர், நாடோறும் செய்தால் பத்து வயது குறையும்" என்றார். நாற்பதைக் கடந்த எமக்கு அச் சொல் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஒரு சொல்லைக் கேட்டால் அதற்குப் பொருளும் சான்றும் தேடுவது தமிழாசிரியர் வழக்கம். அங்ஙனம் தேடியபோது எமக்குப் பட்டவற்றை இம் மலர் வாயிலாகப் பகிர்ந்து கொள்ள விரும்புகின்றோம்.

முகத்துக்குப் பயிற்சி வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய கருத்தன்று. குதிகளின்மேல் அமர்ந்து, முழங்கால்களிற் கைகளை ஊன்றி விரல்களை விரித்து, வாயை அகலத் திறந்து, மூக்கு நுனியை நோக்கும் சிங்காசனத்தை ஹடயோகப் பிரதீபிகை விளக்குகின்றது. திருமூலரும் தம் நூலின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்கயோகத்தை விரித்துரைக்கின்றார். யோகிகளை விடுத்துப் புலவர்பாற் சென்றாலும் நிலைமை இதுவே. தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்தார். அவ்வெட்டும் முதலில் வந்து நிற்கும் இடம் முகமன்றோ? எமது காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் நாடகவியலை ஆராய்ந்து 'மதங்கசூளாமணி' என்னும் நூலைச் செய்தார். பாடசாலை மேடையில் ஒரு மாலைப்பொழுது அரசனாகவும் ஆண்டியாகவும் நடித்த சிறுவனின் முகம் பெறும் பயிற்சியை எந்த ஆசனம் தரவல்லது? நாடகம் அருகிய பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளின் முகங்கள் கைத்தொலைபேசியின்மேற் கவிழ்ந்து கிடப்பதை யாம் நாடோறும் காண்கின்றோம்.

இனி, அறிவியல் கூறுவது யாது? உடலின் தசைகளிற் பெரும்பாலன எலும்போடு எலும்பைப் பிணைப்பன. முகத்தசைகளோ தோலிலேயே சென்று பொருந்துவன. ஆதலின் அவை அசையத் தோலும் அசையும். மூப்பு வந்துழித் தோலின் கீழுள்ள கொழுப்புக் குறைந்து கன்னம் வற்றும். தசையைப் பயிற்சியால் வளர்த்தால் அவ்விடம் ஓரளவு நிரம்பக் கூடும் என்பதே முகயோகத்தாரின் வாதம். அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து 2018 இல் முடிவை வெளியிட்டனர். 40 முதல் 65 வயது வரையான பெண்கள் 20 கிழமைகள் பயிற்சி செய்தனர். முதல் 8 கிழமைகள் நாடோறும் 30 நிமிடம், பின்னர் ஒன்றுவிட்டொரு நாள். இறுதியில் அவர்தம் கன்னங்கள் சிறிது நிறைவுற்றன. படங்களைப் பார்த்து மருத்துவர் மதித்த சராசரி வயது 50.8 இலிருந்து 48.1 ஆகக் குறைந்தது.

இஃது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின், தொடங்கிய 27 பேரில் நிறைவு செய்தோர் 16 பேரே. பயிற்சி செய்யாத ஒரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. அன்றியும், பொட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை ஊசியால் ஏற்றிச் சுருக்கம் போக்கும் மருத்துவர் செய்வது இதற்கு நேர்மாறானது. அவர் தசையை ஓயச் செய்கின்றார். ஆகவே முகயோகத்தால் வரும் நன்மை சிறிது, செலவு இல்லை, தீங்கு பெரிதில்லை என்று கொள்வதே நடுநிலையாகும். பத்து வயது குறையும் என்பது நண்பரின் ஆர்வமேயன்றி வேறன்று.

எம்மை வருத்துவது வேறொன்று. எம்மிடம் கற்ற மாணவியொருத்தி சில திங்களாக முகத்தை முக்காட்டால் மறைத்து வரலானாள். வினவியபோது, பெயர்ச்சீட்டும் ஒழுங்காக இல்லாத வெண்மைப் பூச்சொன்றைப் பூசியதாகவும், முதலில் முகம் வெளுத்துப் பின்னர்ச் சிவந்து எரிந்ததாகவும் கூறினாள். இத்தகைய பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது தோலின் கருநிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். உடலினுட் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் வலிய ஸ்ரீரோயிட்டு மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலிவிக்கும். பொன், வெள்ளி நகைகளிற் படவிடாதீர் என்று ஒரு பூச்சின் உறையில் எழுதியிருப்பின் அதிற் பாதரசம் இருக்கக் கூடுமென உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. வளையலுக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமோ? இக் கேட்டை ஒழிக்க இலங்கை, ஜமேக்கா, காபோன் ஆகிய மூன்று நாடுகளும் 2023 இல் ஒரு கூட்டுத்திட்டத்தைத் தொடங்கின. அரசு செய்யவேண்டியது அது.

ஆசிரியர் செய்யவேண்டியது யாது? அம் மாணவி இறுதியாகச் சொன்னது இன்றும் எம் செவியில் உளது: "பரிசளிப்பு விழாவில் மாலை போட என்னைத் தெரிவு செய்யவில்லையே, சேர்." அத் தெரிவைச் செய்தவர் யாமே. நிறத்தைப் பார்த்து யாம் ஒருநாளும் தெரிந்ததில்லை என்று நெஞ்சறியப் பொய் கூற இயலவில்லை. பூச்சை விற்றவனுக்கு முன்னரே அப் பிள்ளையின் முகத்தில் எரிவை மூட்டியவர் யாம்.

இயற்கை வழி முகங்காப்போர்க்கும் சில சொல்லவேண்டும். பயற்றம்மாவும் நன்னீரும் போதுமானவை. ஐவேளையும் வுழூச் செய்து முகங்கழுவும் அயலாரும், வைகறையிற் குளித்து நீறணியும் எம்மவரும் இத் தூய்மையைப் பழக்கமாகவே உடையர். ஆயின் இயற்கையெல்லாம் நன்று என்பதும் பிழை. தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் வெந்துபோதலும் உண்டு. கல்முனைக் கரையில் வலை இழுப்போரின் முகத்தை முதுமைப்படுத்துவது கடற்காற்றன்று, வெயிலே. அகன்ற தொப்பியொன்று பல பூச்சுகளினும் மேலானது. இன்னும் கொடியது பாக்கு. அதனை இடையறாது மெல்வோர்க்கு வாயின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே அரிதாகும், புற்றுநோயும் தொடரும். சிங்காசனத்துக்கு வாய் திறக்க இயலாதவர் முகயோகம் பேசிப் பயனென்?

முதுமை வராமைக்குத் தமிழிற் கூறப்பட்ட மிகச் சிறந்த மருந்து புறநானூற்றின் 191 ஆம் பாட்டில் உளது. ஆண்டு பல சென்றும் நரையில்லையே, எவ்வாறு என வினவியோர்க்குப் பிசிராந்தையார் தைலமொன்றையும் கூறினாரல்லர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்த ஏவலர், முறை தவறாத வேந்தன், இவற்றுக்கு மேலாகத் தம் ஊரில் வாழும் அடங்கிய சான்றோர் பலர் என்று காரணங் கூறினார். அதாவது, ஒருவர் முகத்தின் இளமை அவர் ஊரின் கையில் உளது.

இதனை எம் கடற்கரையார்க்கு விளக்கவேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள் கடல் புகுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்குமேல் மாண்டனர். ஓர் இரவில் கிழவரான இளைஞரை மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் யாம் கண்டோம். அவ்வேளை பசித்தவரின் மதம் வினவாது சோறு கொடுத்த கைகளையும் கண்டோம். அதற்கு முன்னும் பின்னும், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயுற்ற காலங்களில், இரு பக்கத்து முகங்களும் சுருங்கியதையும் கண்டோம். அச்சம் நீங்கிய உறக்கமே முகத்துக்கு முதல் மருந்து. அதனை எவரும் தனியே பெறமுடியாது.

ஆகவே, அன்பர்களே, கன்னத்தை ஊதிப் பயிற்சி செய்யுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள், தடையில்லை. கல்லூரிக்கு நன்கொடை வழங்குவோர் நாடக மேடைக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்களாக. யாமும் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: இனி எம் பொறுப்பில் நடக்கும் விழாவில் மாலை ஏந்தும் பிள்ளைகள் இடாப்பின் வரிசைப்படியே தெரியப்படுவர். நம் கல்லூரியிலும் அவ்வாறே நிகழ்க. வெறெந்தப் பூச்சும் தரமுடியாத பொலிவு அம் மேடையில் தோன்றும்.