வர்த்தக சங்கமும் சிறு வியாபாரியும்

ஒரு ஜில்லாவின் வியாபாரத்துக்கு அந்த ஜில்லாவின் வர்த்தக சங்கம் செய்ய வேண்டியது என்ன? வருஷத்துக்கொரு மகாநாடு கூட்டி, மந்திரியை அழைத்து மாலை சூட்டி, பட்ஜெட் வெளியான மறுநாள் அதை வரவேற்றோ வருந்தியோ பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பிவிட்டால் அதன் கடமை தீர்ந்துவிடுமா? தீராது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

நமது நாட்டில் இச்சங்கங்கள் பிறந்த வரலாற்றை அறிந்தவர்கள் அவற்றினிடம் அதிகம் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. சென்னை வர்த்தக சங்கம் 1836-ல் ஏற்பட்டது. அது வெள்ளைக்கார வியாபாரிகளின் சங்கம். அதன் முதல் தலைவர் ஆர்பத்நாட் கம்பெனியைச் சேர்ந்தவர். கப்பல் கூலி, துறைமுகக் கட்டணம், ரயில் கட்டணம் என்று எதை எடுத்தாலும் அந்தச் சங்கத்தின் சொல்லுக்குத் துரைத்தனத்தார் செவி சாய்த்தனர். சுதேச வியாபாரி தனித்தனியே நின்று கொடுத்த விஞ்ஞாபனங்களுக்கு அந்த மதிப்பு இருந்ததில்லை. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அதே ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதை நம்பிப் பணம் போட்டிருந்த திரளான குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்களும் நகரத்தார் கனவான்களும் கூடி 1907-ல் இந்தியன் பாங்கியை நிறுவினார்கள். அந்த உணர்ச்சி தணியுமுன்னரே, 1909-ல், தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றிற்று. அதைப் பல்லாண்டு தலைமை தாங்கி நடத்திய பிட்டி தியாகராய செட்டியார் அவர்கள் 1916-ல் வேறோர் அரசியல் வழியை வகுத்தவர்களில் ஒருவர். அந்த வழக்கை இங்கே திறக்க வேண்டியதில்லை. வியாபாரிகளை ஒன்றுசேர்த்த அவரது தொண்டு தொண்டுதான். 1924-ல் மதுரையிலும் ஒரு சங்கம் எழுந்து, இன்று தமிழ்நாடு வர்த்தக சங்கம் என்னும் பெயரோடு விளங்குகிறது.

1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தின்படி சென்னைச் சட்டசபையில் வெள்ளையர் சங்கத்தைப் போலவே தென்னிந்திய வர்த்தக சங்கத்துக்கும் ஒரு ஸ்தானம் இருந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து, இவ்விதத் தனித் தொகுதிகளை ஒழித்தது. அது நியாயமே, பணமுள்ளவனுக்கு இரண்டு வாக்கு என்பதை ஜனநாயகவாதி ஒப்பமாட்டான். ஆனால் அதன் பயனாக, சங்கத்தின் பலம் சட்டசபை நாற்காலியிலிருந்து இறங்கி, அது யாருக்காகப் பேசுகிறது என்னும் கேள்வியில் வந்து நின்றுவிட்டது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் வர்த்தக சங்கங்கள் சட்டத்தினால் நிறுவப்பட்டவை. நமது சங்கங்களோ இங்கிலாந்தின் மாதிரியைப் பின்பற்றி, விரும்பினவர் சேர்ந்து சந்தா கட்டும் சங்கங்கள். பெரிய சந்தா கட்டுகிறவர் நிர்வாக சபையில் உட்காருவதும், உட்கார்ந்தவரின் கவலையே சங்கத்தின் கவலையாவதும் இந்த ஏற்பாட்டில் இயல்பாக நேரக்கூடியவை. யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நோயின் இடம் தெரிந்தாலன்றி மருந்து கூற முடியாது.

அந்த நோய் எங்கே வெளிப்படுகிறது என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம்: நிலுவை. கோயம்புத்தூரில் ஜாப் ஆர்டர் எடுத்து வேலை செய்யும் லேத் பட்டறைக்காரரையும், திருப்பூரில் பவர்டேபிள் போட்டுத் தைத்துக் கொடுப்பவரையும் கேட்டுப் பாருங்கள். வரியின் கொடுமையைவிட, செய்து கொடுத்த வேலைக்குக் கூலி வராத கொடுமையைத்தான் அவர்கள் முதலில் கூறுவார்கள். சரக்கு போய் நான்கு மாதமாகும், பணம் வராது. இதற்கிடையில் ஆட்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு வட்டிக்கு வாங்க வேண்டும். பெரியவரின் முதலுக்குச் சிறியவர் வட்டி கட்டுகிறார் என்பதே இதன் பொருள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் வருஷத்துச் சிறு தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறுந்தொழில், சிறுதொழில் செய்வோரிடம் சரக்கோ வேலையோ பெற்றவர், ஒப்பந்தம் எதுவாயினும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. வழக்கைக் கேட்க வசதி மன்றம் உண்டு. 90 நாளில் தீர்க்க வேண்டுமென்று விதியும் உண்டு. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் கொள்முதல்காரர் நூற்றுக்கு 75 பங்கு பணத்தை முன்கூட்டிக் கட்டியாக வேண்டும். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு கடுமையான பாதுகாப்பு பெற்ற கடன்காரன் வேறு எவனும் இல்லையென்று வக்கீல் என்ற முறையில் நாம் கூறத் துணிவோம். 2023-ஆம் வருஷத்து நிதிச் சட்டமோ, கெடு தவறிய தொகையைக் கொடுத்த வருஷத்தில்தான் வரிக் கணக்கில் செலவெழுதலாமென்று இன்னொரு கட்டும் போட்டது.

அப்படியிருந்தும் பட்டறைக்காரர் ஏன் வழக்குக்குப் போவதில்லை? அவருக்கு வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோதான். இன்று மனுப் போட்டால் நாளை வேலை நின்றுவிடும். 2023-ஆம் வருஷத்து விதி வந்தபோதுகூட, பெரிய கொள்முதல்காரர்கள் பதிவு பெற்ற சிறியவர்களை விட்டு வேறிடம் போய்விடுவார்களே என்ற அச்சம்தான் கடைவீதியில் முந்திக்கொண்டது. தனி மனிதனுக்கு உரிமையாக எழுதப்பட்ட சட்டம் தனி மனிதனால் உபயோகிக்க முடியாததாக இருக்கிறது. தனி மனிதன் செய்ய முடியாததைச் செய்வதற்கல்லவா சங்கம்? மேற்படி வசதி மன்றத்தில் சிறு தொழில் சங்கங்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டுமென்று சட்டத்தின் 21-ஆம் பிரிவே இடம் ஒதுக்கியிருக்கிறது. இருந்தும் நிலுவை என்ற பேச்சு எழுந்தால் பல சங்கங்கள் மௌனம் சாதிக்கின்றன. காரணம் ரகசியமல்ல. பணம் கொடுக்க வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினர்கள். முன்னவர் மேடையிலும் பின்னவர் கடைசி வரிசையிலும் இருக்கிறார்கள்.

வியாபாரியின் நிலையோ இன்னும் பரிதாபம். 2021 ஜூலையில் மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் இப்பதிவில் சேரலாமென்று மத்திய சர்க்கார் அனுமதித்தபோது, முன்னுரிமைக் கடன் பெறுவதோடு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டனர். பதிவுச் சீட்டு கையிலிருக்கும். 45 நாள் பாதுகாப்பு இராது. சங்கங்கள் ஒன்றுகூடி டெல்லிக்கு எடுத்துச்செல்லத் தக்க கோரிக்கை இது. மந்திரி வரவேற்பு பத்திரங்களில் இதற்கு முதலிடம் தந்தால் மாலையின் செலவும் நியாயமாகும்.

சங்கங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு உற்பத்தித் தேசத்தைக் குறித்து அத்தாட்சி கொடுப்பதும், 2017-ல் சரக்கு–சேவை வரி வந்தபோது குழம்பி நின்ற கடைக்காரர்களுக்கு வகுப்பு நடத்தியதும் உபயோகமான வேலைகளே. ஆயினும் அவை குமாஸ்தா வேலை. சங்கத்தின் ஜீவன் அதிலில்லை.

அங்கத்தினருக்கு எதிராக அங்கத்தினரைச் சங்கம் எழுப்பலாமா, அதனால் சங்கமே பிளந்துவிடாதா என்று சில நண்பர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். வியாபாரிகளுக்குள் வழக்கு வந்தால் தாமே மத்தியஸ்தம் செய்து தீர்ப்பது வர்த்தக சங்கங்களின் பழைய வழக்கம் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். வாங்கின சரக்குக்குப் பணம் கொடுக்காதவரை வைத்துக்கொள்வதால் நிலைக்கும் ஒற்றுமை எவருடைய ஒற்றுமை? நாணயமுள்ள பெரிய வியாபாரிகளுக்கு இதில் அச்சமே வேண்டியதில்லை. கெடுவில் கொடுக்கிறவருக்குப் போட்டியாக, கொடுக்காமலே மலிவாய் விற்கிறவர் நிற்பதனால் நஷ்டம் அவர்களுக்குந்தான்.

ஆகையால் வர்த்தக சங்கங்களின் நிர்வாகிகளுக்கு நாம் கூறும் யோசனை இது. அடுத்த பொதுக்கூட்டத்தில் சங்க விதிகளைத் திருத்துங்கள். சிறு தொழில் செய்வோருக்கு 45 நாளில் பணம் கொடுப்பதை அங்கத்தினராயிருப்பதற்கு நிபந்தனையாக்குங்கள். நிலுவைப் புகாரைச் சிறியவரின் பெயரால் அல்லாமல் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேளுங்கள். கேட்டும் கொடாதவர் மேல் மன்றத்தில் மனுப் போடும் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். நிர்வாக சபையில் பாதி ஸ்தானங்களைப் பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒதுக்குங்கள். இவற்றில் எது முடியாது, ஏன் முடியாது என்று நிர்வாகிகள் எழுதியனுப்பினால், அந்தப் பதிலை ஒரு வரியும் குறைக்காமல் இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.